கொல்லையில் ஒரு கல்... எடுப்பதா, விடுவதா?

"டங்!"

கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் வேறு, கல்லில் மோதும் சத்தம் வேறு. சமையலறையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த எனக்கே அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டது. கையைக்கூடத் துடைக்காமல் கொல்லைப்புறம் ஓடினேன்.

"கல்லு இருக்குதும்மா. சின்னக் கல்லு இல்லே" என்றார் தோண்ட வந்த ஆள்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. முன்கட்டில் தறி, நடுவில் சமையல், பின்னால் நீளமாக ஒரு கொல்லை. உடைந்த தறிச் சாமான்களும் பழைய ஓடுகளுமாக அது வருஷக்கணக்கில் அடைந்து கிடந்தது. மூன்று வருஷத்துக்கு முன்பு, என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகுதான் அதைச் சுத்தம் செய்ய மனசு வந்தது. எனக்கு ரத்தசோகை. "கீரை நிறைய சேத்துக்கோங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு பக்கம் கீரைப் பாத்தி, ஒரு பக்கம் துணி துவைக்க மேடை, நடுவில் பெரியவள் ஓடியாடக் கொஞ்சம் இடம் என்று மனசுக்குள் கோடு போட்டு வைத்திருந்தேன். அந்தக் கோட்டுக்கு நட்டநடுவில் இந்தக் கல்!

சாயங்காலத்துக்குள் வீட்டில் ஆளுக்கு ஓர் அபிப்பிராயம்.

"அவசரப்பட்டு இடிச்சிடாதேம்மா. என்ன சாமியோ, யாரு கண்டா? ஒரு பொட்டு மஞ்சள் வெச்சிடலாம்" என்றார் அத்தை.

"மஞ்சள் வெச்சா அப்புறம் அதை யாரு அசைக்கிறது? நாளைக்கே ஜேசிபியைக் கூப்பிடறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நம்ம சந்துல ஜேசிபி எங்க நுழையும் அண்ணே? நெருப்பைப் போட்டுக் காய்ச்சித் தண்ணிய ஊத்தினா தானா பிளந்துக்கும்" என்றார் கொழுந்தனார்.

தறியை விட்டு எழுந்து வந்த மாமா மட்டும், "மொதல்ல அது எவ்ளோ பெரிசுன்னு பாருங்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயமே இருந்தது. அது எங்களுக்குப் புரிவதற்குள் வேறொன்று நடந்துவிட்டது.

அந்த ஒரு ராத்திரி

ஐப்பசி மாசம். கல்லின் மூன்று பக்கமும் இடுப்பளவு ஆழத்துக்குத் தோண்டியிருந்தார்கள். "மிச்சம் நாளைக்கு" என்று ஆள் போய்விட்டார். ராத்திரி நல்ல மழை.

மறுநாள் காலை கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா மாடியிலிருந்து கத்தினார். "ஏய், குழந்தை! குழந்தையைப் பாரு!"

ஓடிப் போய்ப் பார்த்தால், என் பெரியவள், இரண்டரை வயசு, தோண்டாமல் விட்ட பக்கமாக ஏறிப்போய்க் கல்லின் மேல் குந்தியிருக்கிறாள். சுற்றிலும் செம்மண் கலந்த தண்ணீர். கையில் இருந்த குச்சியால் அதைக் கலக்கி விளையாடிக்கொண்டிருக்கிறாள். இன்னும் ஒரு சாண் குனிந்திருந்தால்...

அதற்கு மேல் எழுத எனக்குக் கை வரவில்லை. தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகும் ரொம்ப நேரம் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது.

சகோதரிகளே, எங்கள் வீட்டில் இருப்பது குழித்தறி. நெய்கிறவர் காலை உள்ளே விட்டு மிதி மிதிக்கிற குழி அது. குழந்தை தவழ ஆரம்பித்த நாளிலிருந்து, வேலை முடிந்ததும் அந்தக் குழியைப் பலகை போட்டு மூடிவிட்டுத்தான் மறுவேலை. வீட்டுக்குள் இருக்கும் குழியை மூடத் தெரிந்த எங்களுக்கு, கொல்லையில் வெட்டிய குழியை மூடத் தோன்றவில்லை. "ஒரு ராத்திரிதானே" என்ற நினைப்பு.

2019 அக்டோபர் மாசத்தில் திருச்சி மாவட்டம் மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் இரண்டு வயசுக் குழந்தை விழுந்துவிட்டது. மீட்பதற்காகப் பக்கத்திலேயே இன்னொரு குழி தோண்டினார்கள். அடியில் கெட்டிப் பாறை. பெரிய பெரிய யந்திரங்களை வைத்தும் வேலை அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. 25-ஆம் தேதி சாயங்காலம் விழுந்த குழந்தையை 29-ஆம் தேதி விடியற்காலையில் உயிரில்லாமல்தான் எடுக்க முடிந்தது. தமிழ்நாடே தீபாவளியை மறந்து டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தது.

கொல்லையில் கிடக்கும் கல் யாரையும் ஒன்றும் செய்வதில்லை. அதைச் சாக்காக வைத்து நாம் வெட்டுகிற குழியும், நாம் படுகிற அவசரமும்தான் ஆபத்து. அன்றைக்குப் பிறகு நாங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒழுங்காக முதலிலிருந்து ஆரம்பித்தோம். பெரியவர்களிடமும் வேலை தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

முதல் வேலை, குழியை மூடுவது

தோண்டுகிற வேலை ஒரு நாளில் முடியாது என்று தெரிந்தால், ஆளை அனுப்புவதற்கு முன் குழியை மூடச் சொல்லுங்கள். கனமான பலகை அல்லது கதவுப் பலகையைக் குறுக்கே போட்டு, அதன் மேல் தார்ப்பாய் விரித்து, நாலு மூலையிலும் செங்கல் அடுக்க வேண்டும். வெறும் தார்ப்பாயோ சாக்கோ போட்டு மூடுவது, மூடாமல் விடுவதைவிட மோசம். தரை மாதிரி தெரியும், கால் வைத்தால் உள்ளே இறங்கும்.

கொல்லைக் கதவுக்குக் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். குழியில் தண்ணீர் நின்றால் உடனே இறைத்துவிடுங்கள். சின்னக் குழந்தைக்கு முழங்கால் ஆழம்கூட வேண்டாம். முகம் மூழ்கும் அளவு தண்ணீர் இருந்தாலே ஆபத்து. தேங்கிய தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிட்டு, ஒரு வாரம் பத்து நாளில் புதுக்கொசுவாகக் கிளம்பிவிடும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

இது யார் கொண்டு வந்த கல்?

இப்போது கல்லைப் பார்ப்போம்.

காஞ்சிபுரம் வேகவதி ஆற்றை ஒட்டிய ஊர். கொஞ்ச தூரத்தில் பாலாறு. ஆறு கொண்டுவந்து போட்ட மண்ணும் மணலும்தான் ஊருக்கடியில். பெரிய கருங்கல் அப்படிப்பட்ட மண்ணில் மேலாகக் கிடைத்தால், பெரும்பாலும் யாரோ எப்போதோ வண்டி கட்டிக் கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். உத்திரமேரூர், செங்கல்பட்டுப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே குன்றும் பாறையும் கண்ணுக்குத் தெரிகிற ஊர்கள். கொல்லையில் தட்டுப்படுவது பூமியோடு ஒட்டிய பாறையின் தலையாகவும் இருக்கலாம். வெளியே ஒரு முழம் தெரியும், உள்ளே எவ்வளவு இருக்கிறதோ!

ஆகவே கல்லின் மேல் முகத்தைத் தண்ணீர் விட்டுக் கழுவி, தென்னந் துடைப்பத்தால் மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். இரும்பு பிரஷ்ஷோ உளியோ வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்று. எழுத்து இருக்கிறதா? உருவமோ பூவேலையோ இருக்கிறதா? வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றனவா? மூன்றாவதாகச் சொன்னது கல்லைப் பிளக்க ஆப்பு வைத்த தடம். மாமல்லபுரத்துக்குப் போனவர்கள் அங்குள்ள பாறைகளில் இந்த மாதிரித் தடத்தைப் பார்த்திருப்பீர்கள்.

"இதெல்லாம் நம்ம வீட்டுக் கல்லுக்கு எதுக்கு?" என்று நினைக்காதீர்கள். காஞ்சியில் பல்லவர் காலத்திலிருந்து கல் வேலை நடந்திருக்கிறது. சுமார் 1,300 வருஷத்துக்கு முன் ராஜசிம்மன் கட்டிய கைலாசநாதர் கோயிலில் அடிப்பகுதி கெட்டியான கருங்கல், மேலே செதுக்குவதற்கு இசைவான மணற்கல். கோயில் மட்டுமில்லை, பௌத்தமும் சமணமும் செழித்திருந்த ஊர் இது. 1915-இல் கோபிநாத ராவ் என்ற அறிஞர், காமாட்சியம்மன் கோயிலில் தாம் கண்ட புத்தர் சிலைகளைப் பற்றி எழுதினார். அதில் பெரிய சிலை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. 1863 மே 30-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் குனிந்து எடுத்த ஒரு கல், ஆதிமனிதன் செய்த கைக்கோடரி என்று தெரியவந்தது. மற்றவர்கள் தாண்டிப்போயிருக்கக்கூடிய ஒரு கல்லை அவர் உற்றுப் பார்த்ததால் வந்தது அந்தச் செய்தி.

எழுத்தோ உருவமோ தெரிந்தால் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, தாசில்தார் ஆபீசில் எழுதிக் கொடுங்கள். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் மறைந்திருந்து கிடைக்கும் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றிக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் மறைத்தால்தான் வம்பு. சிலையை யாருக்காவது விற்றாலோ பெரிய வம்பு.

இன்னொரு விஷயம். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயிலுக்குப் பக்கத்தில் உங்கள் வீடு இருந்தால், 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கட்டத் தடை இருக்கிறது. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வாங்கித்தான் கட்ட வேண்டும். 2010-இல் திருத்திய சட்டம் இது. கைலாசநாதர் கோயில், வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கத்தில் குடியிருப்பவர்கள், மேடை, தொட்டி, சுவர் என்று எதற்காகத் தோண்டுவதானாலும் முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது.

கோலமாவும் கம்பியும்

மாமா சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். கல் எவ்வளவு பெரிசு?

இதைக் கண்டுபிடிக்கக் குழி வெட்ட வேண்டியதே இல்லை. விரல் கனத்தில் மூன்றடி நீள இரும்புக் கம்பி ஒன்று போதும். முதலில் அந்த இடத்தில் கரண்ட் ஒயரோ தண்ணீர்க் குழாயோ போகவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். மண்ணை முதல் நாளே நனைத்துவிட்டு, ஓர் அடிக்கு ஓர் இடமாகக் கம்பியைக் குத்திப் பாருங்கள். கம்பி இடித்து நின்ற இடத்தில் ஒரு சிட்டிகை கோலமாவு. இறங்கிப்போன இடத்தில் ஒன்றும் வைக்க வேண்டாம். எல்லாம் முடிந்ததும், வெளிவரிசைப் புள்ளிகளை இணைத்தால் கல்லின் உருவம் தரையில் கோலமாக வந்துவிடும். எங்கள் வீட்டில் இந்த வேலையைச் செய்தது நானும் அத்தையும்தான். ஆண்பிள்ளைகள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்!

அடுத்தது எடை. ஒரு கன அடி கருங்கல் ஏறக்குறைய 75 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி, அதை 75-ஆல் பெருக்குங்கள். பெட்டி மாதிரி சதுரமான கல்லுக்கு அதுதான் எடை. உருண்டைக் கல்லானால் அதில் பாதி.

எங்கள் கல் நாலடி நீளம், மூன்றடி அகலம், இரண்டரை அடி உயரம். ஆக 30 கன அடி. 30-ஐ 75-ஆல் பெருக்கினால் 2,250 கிலோ. இரண்டேகால் டன்! "முக்கால் கிலோ பட்டுப்புடவைன்னு வெச்சா மூவாயிரம் புடவை" என்று மாமா சிரித்தார். கணக்கைக் கேட்டதும், ஆளைக் கூப்பிட்டு நெம்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

நாலு வழி

கல்லின் அளவும் எடையும் தெரிந்துவிட்டால் வழிகள் நாலே நாலுதான்.

முதல் வழி, இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுவது. செலவே இல்லை. பூமியோடு ஒட்டிய பாறையானால் இதைத் தவிர வேறு வழியும் இல்லை. மாமல்லபுரத்தில் சரிவில் நிற்கிறதே வெண்ணெய் உருண்டைக் கல், சுமார் 20 அடி உயரம், 250 டன் எடை என்கிறார்கள். 1908-இல் அன்றைய சென்னை கவர்னர் ஏழு யானைகளைக் கட்டி அதை இழுக்கச் சொன்னார், கல் அசையவில்லை என்று ஒரு கதை உண்டு. அந்தக் கல் இன்றைக்கும் அங்கேயே நிற்கிறது. 2019-இல் நம் பிரதமரும் சீன அதிபரும் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்!

இரண்டாவது வழி, கல்லை இன்னும் ஆழத்தில் இறக்குவது. பக்கத்திலேயே கல்லைவிடப் பெரிய குழி வெட்டி, நெம்பி உருட்டி உள்ளே தள்ளி மண் மூடுவார்கள். கேட்கச் சுலபம். ஆனால் கல் எப்போது உருளும் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லுக்கு அடியில் குடைந்துகொண்டு குழிக்குள் ஆள் நிற்கவே கூடாது. வீட்டுச் சுவருக்கோ பக்கத்து வீட்டுச் சுவருக்கோ அருகில் இந்த வேலையை நினைக்கவே வேண்டாம். அஸ்திவாரத்து மண் சரிந்துவிடும்.

மூன்றாவது வழி, கல்லை நகர்த்துவது. நூறு, இருநூறு கிலோ கல்லை, வேலை தெரிந்த ஆட்கள் கடப்பாரையால் நெம்பி உருளைக் கட்டைகளின் மேல் ஏற்றித் தள்ளிவிடுவார்கள். அரை டன்னுக்கு மேல் போனால் யந்திரம்தான். அதற்கு வழி வேண்டும், திரும்ப இடம் வேண்டும், தூக்கிய கல்லைக் கொண்டுபோய்ப் போட ஓர் இடமும் வேண்டும். இந்த மூன்றையும் முடிவு செய்யாமல் யந்திரத்தை வரவழைத்தால் வாடகைதான் மிச்சம்.

நாலாவது வழி, உடைப்பது. கல்லில் வரிசையாகத் துளை போட்டு, இரும்பு ஆப்புகளை இறக்கி, சம்மட்டியால் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் கல் கோடு விட்டுப் பிளக்கும். பழைய முறை, நல்ல முறை. இப்போது சுண்ணாம்பு சேர்ந்த ஒரு தூளும் கிடைக்கிறது. தண்ணீரில் குழைத்துத் துளைக்குள் ஊற்றினால், சத்தமில்லாமல் ஊதிப் பெருத்து ஒரு நாளில் கல்லைப் பிளந்துவிடும். ஆனால் சில சமயம் துளையிலிருந்து பீறிட்டு மேலே அடிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ஊற்றிய பிறகு யாரும் குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது.

வெடி வைப்பது பற்றி யாராவது பேசினால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். உரிமம் இல்லாமல் வெடி வைப்பது குற்றம். வீடுகளுக்கு நடுவில் வைப்பதோ கொலைக்குச் சமானம். நெருப்பு மூட்டித் தண்ணீர் ஊற்றுகிற யோசனையும் வேண்டாம். கல்லுக்குள் ஈரம் இருந்தால் சூட்டில் தெறித்து, துண்டு துண்டாக நாலா பக்கமும் பறக்கும். எங்கள் கொழுந்தனாரிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க இரண்டு நாள் ஆயிற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்

கர்ப்பிணிகளும், பிரசவமான புதிதில் இருப்பவர்களும், அடிவயிற்றில் ஆபரேஷன் ஆனவர்களும் கல்லைத் தூக்குவதோ தள்ளுவதோ கூடாது. "சும்மா ஒரு கை பிடி" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். மற்றவர்களும் சின்னக் கல்லை எடுக்கும்போது இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடித்து உட்கார்ந்து, கல்லை உடம்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டும்.

ரொம்ப நாள் அசையாத கல்லுக்கு அடியில் தேளும் பாம்பும் இருக்கலாம். வெறும் கையை விடாதீர்கள். கடப்பாரையால் கல்லை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். அப்போது உள்ளே இருப்பது எதிர்ப்பக்கமாக ஓடும். குழந்தையைத் தேள் கொட்டினால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள். பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட இடத்தை அசைக்காமல் வைத்து, 108-க்குப் போன் செய்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கல் உடைக்கும்போது பறக்கும் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடிசு. நுரையீரலில் போய்த் தங்கினால் திரும்பி வராது. வருஷக்கணக்கில் அதைச் சுவாசிக்கும் கல்லுடைக்கிற தொழிலாளிகளுக்கு வருகிற மார்புநோய் அதனால்தான். கல்லை நனைத்துக்கொண்டே உடைக்கச் சொல்லுங்கள். வேலை செய்கிறவருக்கு நல்ல முகக்கவசமும் கண்ணாடியும் வாங்கிக் கொடுங்கள். அவரும் ஒரு வீட்டுக்குச் சம்பாதித்துப் போடுகிறவர்தானே. குழந்தைகளை அன்றைக்கு அம்மா வீட்டுக்கோ பக்கத்துத் தெருவுக்கோ அனுப்பிவிடுங்கள்.

கல்லோடு ஒரு தோட்டம்

கல்லை அங்கேயே விடுவதென்று முடிவானால் தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. கல்லுக்கு மேல் எவ்வளவு மண் இருக்கிறது என்று பார்த்துச் செடி வையுங்கள். கீரைகளுக்கு முக்கால் அடி மண் போதும். மிளகாய், கத்தரிக்கு ஓர் அடிக்குக் குறையக் கூடாது. முருங்கை, கறிவேப்பிலையைக் கல்லை விட்டுத் தள்ளி ஆழமான மண்ணில் வையுங்கள். அடியில் கல் இருந்தால் முருங்கை வேர் பிடிக்காமல் காற்றில் சாய்ந்துவிடும்.

மேற்குப் பக்கத்தில் மத்தியான வெயில் ஏறி, கல்லின் சூடு ராத்திரிவரை தணியாது. அங்கே சோற்றுக்கற்றாழையும் பிரண்டையும் வைக்கலாம். கிழக்குப் பக்கம் காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும். புதினா, கற்பூரவல்லி அங்கே நன்றாக வரும். கோடையில் கல்லை ஒட்டிய மண் சீக்கிரம் காய்ந்துவிடும் என்பதால், காய்ந்த இலையைப் போட்டு மூடிவையுங்கள்.

கல் இருக்கும் இடத்தில் குளிக்கிற தண்ணீரையோ துவைக்கிற தண்ணீரையோ விட உறிஞ்சுகுழி வெட்டுவதானால், முதலில் சின்னதாக ஒரு குழி வெட்டித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தண்ணீர் அப்படியே நின்றால் அந்த இடம் ஆகாது. பாதி கல்லின் மேலும் பாதி மண்ணின் மேலுமாகச் சுவரோ மேடையோ கட்டாதீர்கள். மண் இறங்கும், கல் இறங்காது. நடுவில் விரிசல் விடும்.

எங்கள் கல் என்ன ஆயிற்று?

கல் வேலை தெரிந்த ஒரு பெரியவரைக் கூட்டி வந்தோம். சுற்றி வந்து கையால் தடவிப் பார்த்தார்.

"மூணு பக்கம் செதுக்கின கல்லும்மா. இந்தப் பக்கம் பாருங்க, ஆப்பு வெச்ச தடம். எதுக்கோ கொண்டாந்திருக்காங்க, வேலை முடியாம விட்டுட்டாங்க" என்றார்.

தாசில்தார் ஆபீசில் எழுதிக் கொடுத்தோம். வந்து பார்த்தார்கள். எழுத்தும் இல்லை, சிற்பமும் இல்லை, உங்கள் இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிப் போனார்கள்.

உடைக்கலாமா என்று மறுபடி பேச்சு வந்தது. அப்போது பக்கத்து வீட்டு அக்கா தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா நெனச்சுக்காதேம்மா. இப்பத்தான் தறியில பாவு ஏத்தியிருக்கோம். முகூர்த்தப் புடவை. கல்லுத் தூளு பறந்து பட்டுல படிஞ்சா..." என்று இழுத்தார். என் குழந்தையைக் கத்திக் காப்பாற்றிய அக்கா. அதற்கு மேல் என்ன யோசனை?

அத்தைதான் முடித்து வைத்தார். 1979-இலும் 2019-இலும் இரண்டு தடவையும் அத்திவரதரைச் சேவித்தவர் அவர். "நாப்பது வருஷம் பெருமாளே தண்ணிக்குள்ள இருக்காரு. பூமிக்குள்ள இருக்கிறதை எல்லாம் வெளியே எடுத்தே ஆகணுமா என்ன? இருந்துட்டுப் போகட்டும் விடு" என்றார்.

சுற்றி வெட்டிய குழியை மண் போட்டு மூடி, மண் இறங்க ஒரு மழைக்காலம் விட்டோம். இப்போது கல் ஓர் அடி மட்டும் வெளியே தெரிகிறது. துவைக்கிற மேடையை மூலைக்கு மாற்றிக்கொண்டேன். கல்லின் கிழக்குப் பக்கம் புதினா, மேற்கே பிரண்டை, தள்ளி இரண்டு பாத்தியில் முளைக்கீரையும் அரைக்கீரையும். வாரத்தில் நாலு நாள் கொல்லைக் கீரைதான். போன தடவை பரிசோதனையில் ரத்தம் பரவாயில்லை என்று டாக்டரம்மா சொன்னார்.

சாயங்காலம் சின்னவனைக் கல்லின் மேல் உட்காரவைத்துத்தான் சோறு ஊட்டுகிறேன். பெரியவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் மேல் ஏறி நின்று பாட்டுப் பாடுகிறாள். திருக்கார்த்திகைக்கு அத்தை அதன் மேல் ஓர் அகல் வைப்பார். மஞ்சள் மட்டும் இன்னும் வைக்கவில்லை. என் வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை!

கொல்லைக் கதவில் போட்ட தாழ்ப்பாள் மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நான் எடுக்கப் போவதில்லை.